தலைக்காற்று: சீன அரசவை இரண்டில் ஒரு நோயும் அதன் மருத்துவரும்

அரசியல் வரலாற்றை எழுதுவோர் போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் வாரிசுரிமைப் பூசல்களுக்கும் தரும் இடத்தில் ஒரு சிறு பங்கினையேனும் ஆட்சியாளரின் உடல்நோய்களுக்குத் தருவதில்லை. முடியாட்சியில் அரசனது உடல் தனியொருவனின் உடல் அன்று. அது நோயுற்றால் ஆணைகள் தாமதமாகும். அதிகாரம் வேறொருவர் கைக்கு மாறும். அதனைத் தொட்டுச் சிகிச்சை செய்பவன் நாட்டின் தலைவிதியையே தொடுகின்றான். சீன வரலாற்றில் இவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்ற நோயொன்றுண்டு. சீன மருத்துவ நூல்கள் அதனைத் 'தோ பெங்' என்பன. சொல்லுக்குச் சொல் தமிழில் கூறின் அது 'தலைக்காற்று' ஆகும். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சாவோ சாவோ என்னும் பெருந்தலைவனையும், ஏழாம் நூற்றாண்டிலே தாங் வம்சத்துப் பேரரசர் காவ்சொங்கையும் தலைநோய் வருத்தியது. முதலாமவனுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் சிறையில் மாண்டார். இரண்டாமவருக்குச் சிகிச்சை செய்தவர் பட்டுத்துணி பரிசாகப் பெற்றார்.

அந்நோய் இன்றைய மருத்துவம் கூறும் நோய்களுள் எது என்னும் வினாவே இதுவரை பலரையும் கவர்ந்துள்ளது. அவ்வினாவிலும் முதன்மையான வினாக்கள் இரண்டுள என்பது இக்கட்டுரையின் கருத்து. அரசனின் தலையில் கைவைக்கும் உரிமை எவருக்கு எந்நிலையில் கிடைத்தது என்பது ஒன்று. அந்நிகழ்ச்சிகள் பின்வந்தோர் கையில் எவ்வாறு உருமாறின என்பது மற்றொன்று.

காற்றும் தலையும்

பண்டைச் சீன மருத்துவத்தில் 'காற்று' என்பது நோய்க்காரணங்களுள் தலைமையானது. ஹான் காலத்தில் உருப்பெற்றதெனக் கருதப்படும் 'மஞ்சட் பேரரசரின் அகநூல்' காற்றைப் பற்றித் தனி அத்தியாயமே வகுத்துள்ளது. தலைமுழுகியபின் காற்றுத் தாக்கினால் தலையில் காற்றுநோய் உண்டாகும் என்றும், பிடரியிலுள்ள 'காற்று மாளிகை' என்னும் புள்ளி வழியாக அது மேலேறின் மூளையைப் பற்றும் என்றும் அது கூறும். தலைக்காற்று உடையவனுக்கு முகமும் தலையும் வியர்க்கும். காற்றைக் கண்டால் வெறுப்புண்டாகும். காற்று வீசும் நாளுக்கு முதல்நாளே நோவு மிகும். காற்று வீசும் நாளில் ஓரளவு தணியும். வானிலை மாறுமுன் தலை நோகும் அனுபவம் உடையோர் இக்குறிப்பில் உற்றுநோக்கலின் கூர்மையைக் காண்பர்.

நம்மவர் இதனை வாதத்தோடு ஒப்பிட விழைவது இயல்பு. வாதமும் காற்றே. எனினும் ஒப்புமைக்கு எல்லையுண்டு. நம் மருத்துவ மரபிலே வாதம் உடலினுள் என்றும் நின்று இயங்கும் மூன்றனுள் ஒன்று. அளவு கெடும்போதே நோயாகும். பண்டைச் சீனரின் காற்றோ பெரும்பாலும் வெளியிலிருந்து தோலின் வாயில்களூடே நுழையும் பகை. உடலினுள்ளேயே எழும் காற்று பற்றிய கொள்கை சீனத்தில் பிற்பட்டே விரிவடைந்தது. எனவே பிடரியையும் உச்சியையும் காப்பதும், நுழைந்த காற்றை வெளியேற்றுவதும் அவர்தம் சிகிச்சையின் அடிப்படையாயின.

வெளியேற்றும் வழிகளுள் ஒன்று ஊசி. இது எக்காலத்தும் இருந்த முறையன்று. 1973ஆம் ஆண்டில் மாவாங்தூயிலே அகழப்பட்ட, கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிற் கிடைத்த பட்டுச்சுவடிகள் உடலின் பதினொரு நாளங்களை விவரிக்கின்றன. ஆயின் அவற்றுக்குரிய சிகிச்சையாக மூலிகையை எரித்துச் சூடிடுதலையே கூறுகின்றனவன்றி ஊசி குத்துதலைக் கூறவில்லை. ஏறத்தாழ முந்நூற்றெழுபது ஆண்டுகளின் பின் வாழ்ந்த ஹுவா துவோவின் கையில் ஊசி தேர்ந்த கருவியாக விளங்குகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்துள்ளது என்பது தெளிவு.

ஹுவா துவோவும் சாவோ சாவோவும்

ஹுவா துவோ பற்றிய முதன்மைச் சான்று சென் ஷோ (233–297) எழுதிய 'மூன்று இராச்சியங்களின் வரலாறு' ஆகும். அந்நூலின் 29ஆம் பகுதியில் அவரது வரலாறு இடம்பெறுகிறது. அப்பகுதியில் அவரோடு வைக்கப்பட்டிருப்போர் யாவரெனின், இசைவல்லார் ஒருவர், அங்க இலட்சணம் கூறுவார் ஒருவர், கனவுக்குப் பலன் கூறுவார் ஒருவர், குறி கூறுவார் ஒருவர். மருத்துவன் அறிஞர் வரிசையில் வைக்கப்படவில்லை. வித்தைக்காரர் வரிசையிலேயே வைக்கப்பட்டான். பின்வரும் துன்பியலின் வேர் இவ்வரிசையிலேயே உள்ளது.

ஹுவா துவோ இன்றைய அன்ஹுய் மாகாணத்துப் போசோ நகரம் அமைந்துள்ள பகுதியிற் பிறந்தவர். சாவோ சாவோவும் அவ்வூரவனே. ஹுவா துவோ நூற்பயிற்சி மிக்கவர். அரச பதவிக்கு இருமுறை பரிந்துரைக்கப்பட்டும் ஏற்கவில்லை. கள்ளிற் கலந்து கொடுத்து உணர்விழக்கச் செய்யும் மருந்தொன்றால் வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்தார் என்பதும், விலங்குகள் ஐந்தின் அசைவுகளைத் தழுவிய உடற்பயிற்சியை வகுத்தார் என்பதும் அவர் புகழுக்குக் காரணங்களாகக் கூறப்படுவன. ஆயின் அவரது மருத்துவ அறிவை நன்கு காட்டுவது வேறொரு சிறு நிகழ்ச்சியாகும். அரசாங்க அலுவலர் இருவர் ஒரே காலத்தில் அவரிடம் வந்தனர். இருவருக்கும் தலைவலி, இருவருக்கும் காய்ச்சல். ஒருவனுக்குப் பேதிமருந்தும் மற்றவனுக்கு வியர்வையுண்டாக்கும் மருந்தும் அவர் விதித்தார். ஒரே நோய்க்கு இருவகை மருந்து ஏன் என வினவப்பட்டபோது, ஒருவனது நோய்நிலை வேறு, மற்றவனது நோய்நிலை வேறு என விளக்கினார். மறுநாட்காலை இருவரும் எழுந்து நடமாடினர் என்பது வரலாறு. முடிவின் உண்மை எவ்வாறாயினும், இங்கு வெளிப்படும் நெறி கருதத்தக்கது. தலைவலி என்பது நோயின் பெயரன்று, ஓர் அறிகுறியே. சிகிச்சை அறிகுறிக்கன்றி அதனை விளைவித்த நிலைக்கே உரியது.

சாவோ சாவோ (155–220) ஹான் பேரரசின் இறுதிக்காலத்தில் வட சீனத்தைத் தன் கைக்குட் கொணர்ந்தவன், படைத்தலைவன், கவிஞன். தலைக்காற்று அவனை அடிக்கடி பற்றியது. பற்றும்போதெல்லாம் மனம் குழம்பும், கண் மயங்கும். ஹுவா துவோ உதரவிதானத்தைச் சார்ந்த இடத்தில் ஊசி குத்தியவுடன் நோவு நின்றது என்கிறார் சென் ஷோ. தலைநோய்க்கு உடற்பகுதியில் ஊசி குத்தியது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். நாளங்கள் உடலெங்கும் தொடர்ந்தோடுவன என்னும் கொள்கையுடையார்க்கு அது விந்தையன்று.

சாவோ சாவோவின் தலைநோய் பற்றிய வேறொரு செய்தியும் உண்டு. 429ஆம் ஆண்டில் சென் ஷோவின் நூலுக்கு விரிவுரை எழுதி முடித்த பெய் சொங்சி, பழைய நூலொன்றிலிருந்து அதனை எடுத்துக்காட்டுகிறார். தலைக்காற்றால் படுத்திருந்த சாவோ சாவோ, சென் லின் என்னும் எழுத்தாளர் வரைந்த ஓலையைப் படித்ததும் துள்ளியெழுந்து, தன் நோய் தீர்ந்ததென்றானாம். இலக்கியச் சுவைக்காகச் சொல்லப்பட்ட கதையெனினும், நோய் வந்துவந்து போகும் இயல்பினது என்பதையும், உள்ளக் கிளர்ச்சியால் தணியக்கூடியதெனச் சூழவிருந்தோர் நம்பினர் என்பதையும் அது காட்டுகிறது.

ஆட்சிப்பொறுப்புப் பெருகியபோது சாவோ சாவோவின் நோயும் கடுமையாயிற்று. ஹுவா துவோவைத் தன்னோடு நிறுத்தித் தனக்கே சிகிச்சை செய்யுமாறு பணித்தான். அப்போது மருத்துவர் உண்மையை மறைக்கவில்லை. இந்நோய் அண்மையில் தீர்தற்கரியது. இடைவிடாது சிகிச்சை செய்துவரின் ஆயுளை நீட்டலாம் என்றார். அதாவது, முற்றாக நீக்க இயலாது, கட்டுப்படுத்தலே இயலும் என்பது அவர் தீர்ப்பு. நெடுநோய் உடைய எவர்க்கும் இன்றைய மருத்துவரும் கூறும் விடை இதுவே. ஆயின் நோயாளி படைகளுக்குக் கட்டளையிட்டு உடனே பயன்காணப் பழகியவன்.

பின்னர் ஹுவா துவோ வீட்டு நினைவு கூறி விடைபெற்று ஊருக்குச் சென்றார். சென்றவர் மனைவியின் நோயைக் காரணம் காட்டி மீளாது தங்கினார். சாவோ சாவோ மீண்டும் மீண்டும் மடல் விடுத்தான். உள்ளூர் அதிகாரிகளுக்கும் ஆணை பிறப்பித்தான். தன் திறமையிற் பெருமிதங்கொண்டிருந்த ஹுவா துவோ, பிறனுக்கு ஏவல்செய்து உண்ணும் வாழ்வை வெறுத்தார் என்றும், நூற்கல்வி உடைய தம்மை உலகம் மருத்துவத் தொழிலாளியாகவே மதித்தமை அவர் மனத்தை வாட்டியது என்றும் சென் ஷோ எழுதுகிறார். இறுதியில் சாவோ சாவோ ஆளனுப்பிச் சோதித்தான். மனைவி உண்மையில் நோயுற்றிருப்பின் 40 ஹூ பயறு கொடுத்து விடுமுறையை நீட்டவேண்டும். பொய்யாயின் பிடித்துவர வேண்டும் என்பது ஆணை. ஒரு ஹூ ஏறத்தாழ 20 இலீற்றர் ஆதலின் இது சிறு கொடையன்று. பொய் வெளிப்பட்டது. ஹுவா துவோ சிறையிலிடப்பட்டார். சாவோ சாவோவின் தலைசிறந்த ஆலோசகர் சுன் யூ, இம்மருத்துவரின் கையில் பலர் உயிர் தங்கியுள்ளது என்று பரிந்துரைத்தும் பயனில்லை. இத்தகைய எலிகளுக்கு உலகில் பஞ்சமில்லை என்னும் கருத்துப்பட விடையிறுத்தான் தலைவன். ஹுவா துவோ சிறையில் மாண்டார். இறக்குமுன் உயிர்காக்கவல்ல சுவடியொன்றைச் சிறைக்காவலனிடம் கொடுக்க முற்பட்டார். சட்டத்துக்கு அஞ்சி அவன் ஏற்கவில்லை. நெருப்புக் கேட்டுத் தாமே அதனை எரித்தார்.

இந்நிகழ்ச்சி 208ஆம் ஆண்டிலோ அதற்குச் சற்று முன்னரோ நடந்திருத்தல் வேண்டும். அவ்வாண்டிலே சாவோ சாவோவின் அருமை மகன் சாவோ சொங் சிறுவயதில் நோயுற்று இறந்தான். அப்போதுதான் ஹுவா துவோவைக் கொன்றமைக்குத் தந்தை வருந்தினான். அதுவரை அவன் கூறிவந்தது வேறு. ஹுவா துவோவால் தன் நோயை வேரறுக்க முடியும், தன் மதிப்பை உயர்த்திக்கொள்ளவே அவர் நோயை வளர்த்து வைத்திருந்தார் என்பது அவன் எண்ணம்.

இவ்வையத்தை ஆராய்தல் தகும். மருத்துவர் கூறியது 'முற்றாகத் தீர்க்க இயலாது' என்பது. நோயாளி கேட்டது 'தீர்க்க மனமில்லை' என்பது. அறிவின் எல்லை, அதிகாரத்தின் காதில் சூழ்ச்சியாக ஒலித்தது. யாது கேட்பினும் கிடைக்கப்பெறும் ஒருவனுக்கு, கிடைக்காத ஒன்று மறைத்து வைக்கப்பட்டதாகவே தோன்றும். மறுபுறத்தில் ஹுவா துவோவின் நடத்தையும் குற்றமற்றதன்று. அவர் பொய் கூறினார் என்பதை அவர்மீது பரிவுடைய வரலாற்றாசிரியரே மறைக்கவில்லை. சாவோ சாவோ உடனே கொல்லாது முதலில் உண்மையைச் சோதிக்க ஆளனுப்பியமையும் கருதத்தக்கது. ஹுவா துவோ இறந்தபின்னரும் பன்னிரண்டு ஆண்டுகள் நோயோடு வாழ்ந்து, 220ஆம் ஆண்டில் லோயாங்கில் அவன் இறந்தான்.

புதினம் செய்த மாற்றம்

சீனரிடம் இன்று ஹுவா துவோவின் முடிவைக் கேட்பின் அவர்கள் கூறுவது மேற்கண்ட வரலாற்றையன்று. பதினான்காம் நூற்றாண்டினரான லோ குவான்சொங்கின் பெயரால் வழங்கும் 'மூன்று இராச்சியப் பெருங்கதை' என்னும் புதினத்தின் 78ஆம் அத்தியாயத்தையே கூறுவர். அதன்படி, உணர்விழக்கும் மருந்தைக் கொடுத்துக் கூரிய கோடரியால் கபாலத்தைப் பிளந்து காற்றை அகற்றவேண்டும் என்கிறார் ஹுவா துவோ. தன்னைக் கொல்லச் செய்யும் சதியெனச் சாவோ சாவோ வெகுண்டு அவரைச் சிறையிலிடுகிறான். சிறைக்காவலனிடம் மருத்துவநூல் ஒப்படைக்கப்படுகிறது. அவன் மனைவி அச்சத்தால் அதனை எரிக்கிறாள். எஞ்சியவை கோழிக்கும் பன்றிக்கும் காயடிக்கும் முறையைக் கூறும் ஏடுகள் மாத்திரமே.

இப்புதினத்தில் காலமுரணும் உண்டு. குவான் யூ என்னும் வீரனின் தோளெலும்பைச் சுரண்டி நஞ்சகற்றியவர் ஹுவா துவோ என அது கூறும். அப்புதினம் அந்நிகழ்ச்சியை வைக்கும் 219ஆம் ஆண்டிலே ஹுவா துவோ இறந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. சென் ஷோவின் நூலில் அச்சிகிச்சை செய்த மருத்துவர் பெயரற்றவர்.

கபாலம் பிளக்கும் யோசனை சென் ஷோவின் நூலிலும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பான் யே எழுதிய 'பிற்கால ஹான் வரலாறு' என்னும் நூலிலும் இல்லை. புதினம் செய்த மாற்றம் சிறிதன்று. வரலாற்றில் மருத்துவர் இறந்தது ஏவலை மறுத்தமையால். புதினத்தில் அவர் இறப்பது துணிந்த சிகிச்சையை முன்மொழிந்தமையால். முன்னது அறிஞனொருவனின் தன்மதிப்புக்கும் அரசின் கட்டாயத்துக்கும் இடையிலான மோதல். பின்னது மேதையின் அறிவுக்கும் கொடுங்கோலனின் ஐயத்துக்கும் இடையிலான மோதல். பின்னது நாடகத்துக்கு உகந்தது. ஆதலின் முன்னதை விழுங்கிவிட்டது. எரிந்த நூலோடு கலையும் மறைந்தது என்னும் புதினத்தின் துயரமும் முழுதும் பொருந்துவதன்று. வூ பூ, பான் ஆ என்னும் மாணவர் இருவர் அவர் கலையைத் தொடர்ந்தனர் என்பதை வரலாறு கூறுகிறது. பிறர் அஞ்சும் அளவுக்கு ஆழமாக ஊசி செலுத்துவதிற் பான் ஆ வல்லவராயிருந்தார்.

கபாலம் திறந்த கதைகள்

கபாலம் பிளக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் நாட்டிலே பேணப்பட்ட பாளி விநயபிடகத்தின் மகாவக்கத்தில் மருத்துவன் ஜீவகன் கதை உண்டு. சாகேத நகரத்துச் செட்டியின் மனைவியை ஏழாண்டு வருத்திய தலைநோவை மூக்கில் நெய்மருந்து விட்டு அவன் தீர்த்தான். இராசகிருகத்துச் செட்டியின் தலைநோய்க்குக் கபாலத்தைத் திறந்து புழுக்கள் இரண்டை எடுத்தான். சினமிக்க பஜ்ஜோத மன்னனுக்கு, அவன் வெறுக்கும் நெய்யை மறைத்துக் கொடுத்துவிட்டுப் பெண்யானை மீதேறி உயிர்தப்பினான். இக்கதையின் வேறொரு வடிவம் சீன மொழியிலும் வழங்கியது. அதனை இரண்டாம் நூற்றாண்டினரான ஆன் ஷிகாவோவின் மொழிபெயர்ப்பென மரபு கூறும்.

சீன வரலாற்றறிஞர் சென் யின்கே (1890–1969) 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்விரு மருத்துவர் கதைகளையும் ஒப்பிட்டார். ஹுவா துவோ வாழ்ந்த மனிதரே என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயின் வயிற்றைத் திறத்தல், கொடிய அரசனுக்குச் சிகிச்சை செய்து உயிராபத்துக்கு உள்ளாதல் முதலிய கூறுகள் ஜீவகன் கதையிலிருந்து வந்து கலந்திருக்கலாம் என்றார். ஹுவா துவோ என்னும் பெயரின் பழைய ஒலிப்பை மருந்தைக் குறிக்கும் 'அகத' என்னும் வடசொல்லோடும் தொடர்புபடுத்தினார். பெயர் பற்றிய வாதத்தை ஏற்காதார் பலர். எனினும் பௌத்தத்தோடு மருத்துவக் கதைகளும் சீனத்துட் புகுந்தன என்னும் பொதுக்கருத்தை ஒதுக்குதல் அரிது.

பிறிதொரு சான்றும் இதற்கு அரண் செய்கிறது. 751ஆம் ஆண்டில் தலாஸ் போரிற் சிறைப்பட்டு மேற்காசியாவிற் பல்லாண்டு வாழ்ந்து 762இல் மீண்ட து ஹுவான் என்பவர், 'தா சின்' எனப்பட்ட உரோம கிழக்குநாட்டு மருத்துவர் மூளையைத் திறந்து புழுவை எடுப்பர் என எழுதினார். ஆகவே தாங் காலத்துச் சீனர் நோக்கில் கபாலம் திறத்தல் அயலாரின் வியத்தகு வித்தையாயிருந்தது. பின்னர் அதே வித்தையைப் புதினம் தன்நாட்டு மேதையின் கையில் வைத்தது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பை நிறுவுதல் இயலாது. ஆயினும் எண்ணம் ஒன்று அயலிலிருந்து அகத்துக்கு இடம்பெயர்ந்தமையை நாம் காண்கின்றோம்.

தாங் அரண்மனைத் திரைக்குப் பின்னால்

இனி இரண்டாம் நோயாளியை நோக்குவோம். காவ்சொங் 649 முதல் 683 வரை ஆட்சிசெய்தவர். 660ஆம் ஆண்டிலே அவருக்குத் தலைச்சுற்றலும் தலைப்பாரமும் தோன்றின, கண்பார்வை மங்கிற்று. அமைச்சர் சமர்ப்பித்த அலுவல்கள் சிலவற்றைத் தீர்க்கும் பொறுப்பைப் பேரரசி வூவிடம் அவர் விட்டார். கல்வியும் அரசியலறிவும் வாய்ந்த வூ, பின்னர் 690ஆம் ஆண்டில் தாமே பேரரசராக முடிசூடினார். சீன வரலாற்றில் அவ்வாறு முடிசூடிய பெண் அவர் ஒருவரே. அவ்வுயர்வின் முதற்படிகளுள் ஒன்று கணவனின் தலைநோய் என்பது மிகையன்று.

683ஆம் ஆண்டின் இறுதியில் நோய் முற்றியது. தலைப்பாரம் தாங்க முடியாததாயிற்று, பார்வையும் இல்லை. அரண்மனை மருத்துவர் சின் மிங்ஹே, தலையிற் குத்திச் சிறிது குருதி வெளியேற்றின் குணமாகும் என்றார். திரைக்குப் பின்னிருந்த பேரரசி, மன்னன் தலையிற் குருதி எடுக்கத் துணிந்தவன் கொல்லத்தக்கவன் எனச் சினந்தார். பேரரசரோ குத்திப் பார்ப்பதால் தீங்கில்லை என்று இசைந்தார். மருத்துவர் உச்சியிலுள்ள 'நூற்சந்தி' என்னும் புள்ளியிற் குத்தினார். கண் தெளிவதுபோலத் தோன்றுகிறது என்றார் பேரரசர். பேரரசி வானுக்கு நன்றி கூறி, நூறு பட்டுத்துணிகளைத் தாமே சுமந்து வந்து மருத்துவருக்கு அளித்தார் என்பர்.

சின் மிங்ஹே ஏற்ற ஆபத்து எத்தகையது? தாங் சட்டத்தொகுதியின்படி, பேரரசரின் மருந்தைக் கூட்டும்போது விதித்த முறையிலிருந்து தவறுதலாகப் பிறழ்ந்தாலும் மருத்துவனுக்குக் கழுத்து நெரித்துக் கொல்லும் தண்டனை உண்டு. மேலும், பிற்கால நூலொன்று அவர் குத்திய இரண்டாம் புள்ளியாகப் பிற்றலையிலுள்ள 'மூளை வாயில்' என்பதையும் குறிப்பிடுகிறது. அகநூலின் தடைகளைக் கூறும் அத்தியாயமோ அவ்விடத்தில் ஊசி மூளையை எட்டின் உடனே சாவு நேரும் என எச்சரிக்கிறது. இதனை நோக்குமிடத்து, பேரரசியின் முதற் சினம் மருத்துவ நூல் அறிந்த எவருக்கும் எழக்கூடிய அச்சமாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால் வரலாற்றாசிரியர் எல்லோரும் அவ்வாறு எழுதவில்லை. 945ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட 'பழைய தாங் வரலாறு' பேரரசியின் சினத்தை மாத்திரம் கூறுகிறது, காரணம் கற்பிக்கவில்லை. 1060ஆம் ஆண்டின் 'புதிய தாங் வரலாறு' பேரரசர் நலிவதை அவர் உள்ளூர விரும்பினார் என்கிறது. 1084இல் நிறைவுற்ற சீமா குவாங்கின் பெருநூலும், நோய் குணமாவதை அவர் விரும்பவில்லை என்றே எழுதுகிறது. நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் பின், திரைக்குப் பின்னிருந்த ஒருத்தியின் உள்ளத்தை இவர்கள் எவ்வாறு கண்டனர்? பெண்ணொருத்தி அரசுகட்டில் ஏறியதை முறைகேடென்று கருதிய சொங் காலத்து அறிஞர், அம்முறைகேட்டின் வித்தை நோயாளியின் படுக்கையருகிலேயே தேடினர். ஊசி குத்தியபின் அவர் காட்டிய மகிழ்ச்சியும் அவர்கள் நோக்கில் நடிப்பாயிற்று. சிகிச்சை பற்றிய குறிப்பொன்று ஒழுக்கத் தீர்ப்பாக மாறியமை இவ்வாறே. காவ்சொங் அச்சிகிச்சையின் பின் நெடுநாள் வாழவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே இறந்தார்.

நோய்க்குப் பெயரிடுதல்

ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம், மூளைக்கட்டி, முகநரம்பு வலி எனச் சாவோ சாவோவின் நோய்க்கு இக்காலத்தார் இட்ட பெயர்கள் பல. காவ்சொங்கின் நோய்க்கும் அவ்வாறே. மூலநூல்கள் தருவனவோ மனக்குழப்பம், கண்மயக்கம், தலைப்பாரம், பார்வைக்குறைவு என்னும் சில சொற்களே. இவை கொண்டு நோயறிதல் மருத்துவமும் அன்று, வரலாறும் அன்று. தலைக்காற்று என்பது இன்றைய பல நோய்களை ஒருங்கே தழுவிய பெயர். அதனை ஒரு நோயாகச் சுருக்கின் அக்காலத்தார் கண்ட உலகம் நமக்கு மறைந்துவிடும்.

2009ஆம் ஆண்டின் இறுதியில், ஹெனான் மாகாணத்தின் ஆன்யாங் பகுதியிலுள்ள கல்லறையொன்று சாவோ சாவோவினுடையதென அறிவிக்கப்பட்டது. அறுபது வயதளவினனான ஆணொருவனின் எலும்புகள் அங்கு கிடைத்தன. அக்கல்லறையிலிருந்து கொள்ளையடிக்கப்பட்டுப் பின் மீட்கப்பட்டதாகக் கூறப்படும் கற்பொருளொன்று, வெய் நாட்டு வூ மன்னர் வழக்கமாகப் பிடரிக்கு இதமளிக்கப் பயன்படுத்திய கல் எனத் தன்மேல் எழுத்துப் பொறிக்கப்பெற்றுள்ளது. வூ மன்னர் என்பது சாவோ சாவோ இறந்தபின் பெற்ற பட்டம். கல்லறை பற்றிய ஐயங்கள் அறிஞரிடையே எழுந்தமை உண்மை. அப்பொருள் மெய்யாயின், மருத்துவனைக் கொன்ற தலைவன் இறுதிவரை குளிர்ந்த கல்லொன்றிற் பிடரியைச் சாய்த்தே ஆறுதல் தேடினான் என்பது அதன் பொருளாகும்.

ஊசிமுறையின் பயன் பற்றி இன்றைய அறிவியல் கூறுவதும் ஈண்டு ஒரு வார்த்தையிற் கூறத்தக்கது. ஒற்றைத் தலைவலித் தடுப்பு பற்றிய பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2016ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வு, ஊசிச் சிகிச்சை பெற்றோருக்குத் தலைவலி வரும் நாட்கள் குறைகின்றன என்றும், போலி ஊசியோடு ஒப்பிடின் அதன் மேம்பாடு சிறிதே என்றும் கண்டது. அதாவது பயனுண்டு, அப்பயனில் ஊசிப்புள்ளிக்குரிய பங்கு எவ்வளவு, மருத்துவனின் கைக்கும் நோயாளியின் நம்பிக்கைக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பது இன்னும் வழக்கிலுள்ள வினா. காற்று, நாளம் என்னும் பழைய விளக்கங்களை அம்முடிவு மெய்ப்பிக்கவுமில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, அரசனின் நோயில் மருத்துவனின் அறிவு தனித்து நிற்பதில்லை. அவனது சமூக நிலையும் சட்டத்தின் அச்சமும் அரசவையின் ஐயங்களும் அதனோடு பிணைந்தே இயங்கும். ஹுவா துவோவின் கையிலிருந்த ஊசியும் சின் மிங்ஹேயின் கையிலிருந்த ஊசியும் ஒன்றே. ஒருவர் மாண்டதற்கும் ஒருவர் பரிசு பெற்றதற்கும் காரணம் ஊசியில் இல்லை. இரண்டு, நோய்பற்றிய செய்திகள் காலந்தோறும் அக்காலத்தின் தேவைக்கேற்ப மாற்றி எழுதப்படும். எனவே மிகச் சுவையான வடிவத்தை மிகுந்த எச்சரிக்கையோடு அணுகுதல் வரலாற்று மாணவர் கடன். மூன்று, நெடுநோய் முன்னிலையில் உண்மை கூறும் மருத்துவனை நம்புதல் நோயாளிக்கு எளிதன்று. அதிகாரமுடைய நோயாளிக்கு அது மேலும் அரிது.

காவ்சொங் மறைவிருளில் ஊசிக்கு இசைந்ததும், சாவோ சாவோ மகனை இழந்தபின் தான் செய்ததற்கு வருந்தியதும் இரண்டு அரசர்களின் தனிச்செயல்களாகத் தோன்றலாம். ஆயினும் தன் தலையைப் பிறன் கையில் ஒப்படைக்கும் கணத்தில் அரசனும் குடிமகனும் ஒருவரே. அக்கணத்தில் வேண்டப்படும் நம்பிக்கையை எந்த ஆணையாலும் பெறமுடியாது என்பதே இவ்விரு தலைநோய்களின் வரலாறு நமக்குக் காட்டும் உண்மையாகும்.